சிலந்திக்குச் செய்த பெட்டி

என் வயதுக்காரர்களான உங்களுக்கு இதைச் சொன்னால் புரியும். சிறுவயதில் பார்த்தவை எல்லாம் இப்போது ஈரம் படிந்த கண்ணாடிக்கு அப்பால் நிற்பவை போலத்தான் தெரிகின்றன. உங்களுக்கு அது உவமையாக இருக்கலாம். நான் வளர்ந்ததே ஒரு கண்ணாடிக் கடையில்.

திருவண்ணாமலையில் தேர் திரும்பும் வீதி ஒன்றில் எங்கள் அத்தா, அதாவது அப்பா, படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். முன்பக்கம் கடை, நடுவில் மரவேலை நடக்கும் கூடம், பின்பக்கம் நாங்கள் குடியிருந்த வீடு. கோயிலுக்கு வருகிறவர்கள் வாங்கிப்போன சாமிப் படங்களில் பாதிக்கு மேல், ஐந்து வேளையும் தொழுகிற எங்கள் அத்தாவின் கைபட்டவை. வைக்கோல் சுற்றி வரும் கண்ணாடிப் பலகைகளைக் கூடத்துச் சுவரோரம் சாய்த்து வைப்பார்கள். மழை நாள்களில், எதிர்வீட்டு ஓட்டுக்கூரைக்கு மேல் தெரியும் மலை அந்தப் பலகைகள் ஒவ்வொன்றிலும் சற்றே விலகி விழுந்து, ஒரு மலை பல மலைகளாகிவிடும். அந்த மலைகளுக்கு நடுவே ஒரு பாதை இருப்பதாகவும், ஓசைப்படாமல் போனால் அதில் நுழைந்துவிடலாம் என்றும் நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். மரம் ஒட்டுவதற்குக் காய்ச்சும் வஜ்ஜிரத்தின் வாடையும், கண்ணாடியைக் கீறும் வைரக்குச்சியின் மெல்லிய ஒலியும் இன்றும் என் அரைத்தூக்கத்தில் வந்து போகின்றன.

நான் சொல்லப்போவது எழுபதுகளின் பின்பாதியில் வந்த ஒரு மழைக்காலத்தைப் பற்றி. அப்போது நான் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். என் அக்காவை அந்தக் கோடையில்தான், எட்டாம் வகுப்போடு, பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அதற்குக் காரணம் வறுமையும் அல்ல, கண்டிப்பும் அல்ல. அக்காவிடம் ஒன்று கேட்டால் பதில் வருவதற்கு நேரமாகும். கேட்டவர்கள் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். பள்ளியில் அவளை மந்தம் என்றார்கள்; வீட்டில் அதை நம்பிவிட்டார்கள். அத்தா அதைக் கோபமாகக்கூடச் சொன்னதில்லை.

"அதுக்குப் படிப்பு ஏறல. அது மேல என்ன தப்பு? வீட்டோட இருக்கட்டும்" என்றார்.

இரக்கத்தோடு சொல்லப்படும் தீர்ப்பை எதிர்ப்பது கடினம். அக்கா எதிர்க்கவில்லை. கூடத்து ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, துணியால் கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பாள். துடைத்து முடித்த பின்னும் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சிலந்தி எங்கள் வீட்டுக்கு வந்தது மரத்தோடு. ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கட்டையைக் கடையில் வேலை செய்த ஆசாரி பிளந்தபோது, அதன் பொந்திலிருந்து ஒன்று விழுந்து மரத்தூளில் நின்றது. உடம்பெல்லாம் ரோமம், கால்களில் சாம்பலும் மஞ்சளுமாகப் பட்டைகள். இன்றைய படித்தவர்கள் அதை டாரண்டுலா என்பார்கள். வளர்ந்தால் உள்ளங்கை அளவு வரும் மரப்பொந்துச் சிலந்தி அது. எங்களிடம் வந்தது குஞ்சு. எட்டணாக் காசுக்குள் அடங்கிவிடும். ஆசாரி வயதில் பெரியவர், ஆள் கனமானவர். அவர் வேலைப்பலகை மேல் ஏறி நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"பாய், இங்க வாங்க! முடி மொளச்ச பூச்சி பாய்!"

அவர் கையில் உளியை அடிக்கும் கொட்டாப்புளி இருந்தது. அத்தா ஓடிவந்து, "அடிக்காதீங்க ஆசாரி. எங்க வீட்ல சிலந்திய அடிக்க மாட்டோம்" என்றார். நபிகள் நாயகம் குகையில் தங்கியிருந்தபோது அதன் வாசலில் வலை பின்னிக் காத்தது சிலந்தி என்று நாங்கள் கேட்டு வளர்ந்தவர்கள். ஒட்டடை அடிக்கும்போதுகூட அம்மா சிலந்தியைத் தனியே ஒதுக்கிவிட்டுத்தான் அடிப்பார்.

"எங்கள்லயும் அப்படித்தான் பாய். சிவனுக்குப் பந்தல் போட்ட பூச்சியாச்சே. நான் அடிக்கவா தூக்கினேன்? சும்மா பயமுறுத்தலாம்னு."

"பலகை மேல ஏறி நின்னா அதுக்குப் பயம் வருமா?" என்றார் அத்தா.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அக்கா காலியான பிஸ்கட் ஜாடியைக் கொண்டுவந்து சிலந்தியின் மேல் கவிழ்த்தாள். ஒரு படத்தின் அட்டையை அடியில் நுழைத்து, ஜாடியைத் திருப்பி நிமிர்த்தினாள். யாரும் சொல்லாமல் அவள் ஒன்றைச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கையை உள்ளே விடக் கூடாது, அது கடித்தால் விஷம் என்று எச்சரித்து, அத்தாவே ஜாடியின் வாய்க்குக் கம்பிவலை கட்டிக் கொடுத்தார். உள்ளே மரத்தூள், ஒரு துண்டு மரப்பட்டை, ஈரம் காயாமல் இருக்க நனைத்த பஞ்சு. உணவுக்குக் கரப்பான் குஞ்சு. அதைப் பிடிப்பது என் வேலை. காட்டு உயிரை ஜாடியில் வளர்ப்பது சரியா என்று இன்று யாராவது கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். அன்று அந்தக் கேள்வியைக் கேட்க எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை.

மழை தொடங்கிய சமயம் ஒரு காலை, ஜாடிக்குள் இரண்டு சிலந்திகள் இருந்தன.

"ஐயோ, குட்டி போட்டுடுச்சுங்க!" என்றார் அம்மா.

"குட்டி இவ்ளோ பெருசாவா இருக்கும்? ஜோடி எப்படியோ உள்ள போயிருக்குது பாய்" என்றார் ஆசாரி.

அக்கா இடுக்கியால் அசையாத ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒளி அதன் வழியாகப் போயிற்று. கால்கள், ரோமம், கடிக்கும் பல்லின் உறை உட்பட எல்லாம் இருந்தன. உள்ளே மட்டும் எதுவும் இல்லை. முதுகுப் பக்கம் சின்ன மூடி ஒன்று திறந்தாற்போல் தூக்கி நின்றது. அவள் பேசுவதற்குள் ஆசாரி வேலைக்குத் திரும்பியிருந்தார், அம்மா அடுப்பைப் பார்க்கப் போயிருந்தார். எஞ்சியிருந்தது நான் மட்டுமே.

"ரெண்டு இல்ல. ஒண்ணுதான். பாம்பு மாதிரி சட்டை கழட்டியிருக்கு" என்றாள்.

அந்தச் சட்டை என் கைபட்டு நொறுங்கிப்போனது. அதற்கு அவள் வருந்தவில்லை. அதற்கு முந்தைய நாள்களைத் திரும்பிப் பார்ப்பதில் முனைந்திருந்தாள்.

"இதுக்கு முன்னாடி அது என்ன செஞ்சுச்சு, ஞாபகம் இருக்கா உனக்கு?"

"திங்கல."

"அப்புறம்?"

"தூங்கிச்சு."

"தூங்கல. பட்டைக்குப் பின்னாடி வெள்ளையா நூல் இழுத்து மெத்தை போட்டுச்சு. நாம அத சோம்பேறின்னு சொன்னோம்."

அதன்பின் அவள் ஜாடியைப் பார்த்த விதமே வேறாக இருந்தது. மழை ஓட்டில் விழுந்துகொண்டிருக்கும். சாய்த்து வைத்த கண்ணாடிகளில் மலை மங்கியும் தெளிந்தும் வரும். அவற்றுக்கு முன்னால் அக்கா அசையாமல் இருப்பாள். ஜாடிக்கு உள்ளே இருப்பது யார், வெளியே இருப்பது யார் என்று எனக்கு மயங்கும். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, பெருமூச்சோடு திரும்பிவிடுவார்.

கார்த்திகை நெருங்கியது. எங்கள் கடைக்கு அதுதான் ஆண்டின் பெரும் வேலை. உச்சியில் சுடர் எரியும் மலைப் படங்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. ஈரக்காற்றில் வஜ்ஜிரம் இறுகாமல் ஆசாரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்த நெருக்கடியின் நடுவில், சிலந்தி மறுபடியும் சாப்பிடுவதை நிறுத்தியது. நான் போட்ட கரப்பான் அதன் கால்மேல் ஏறியும் அது பாயவில்லை, பின்வாங்கிக்கொண்டது.

அக்கா என்னைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள். வயிறு உருண்டு, தோல் இழுத்துப் பிடித்தாற்போல் பளபளத்தது. அதன் நிறம் கறுத்துக்கொண்டு வந்தது. கால்களிலிருந்த மஞ்சள் பட்டைகளோ, தூசி படிந்த படம்போல் மங்கியிருந்தன. பட்டைக்குப் பின்னால் மறுபடியும் வெண்ணூல் விரிப்பு.

"சட்டை கழட்டப் போவுது. நீ ஜாடிய அசைக்காத" என்றாள். இடுக்கியை விட்டுக் கரப்பானை வெளியே எடுத்துவிட்டாள். "சட்டை கழட்டினதும் அது பிஞ்சா இருக்கும். இந்தக் கரப்பான் அத கடிச்சிடும்."

அதை அம்மா பார்த்துவிட்டார். "பட்டினி கெடக்கிற ஜீவன் முன்னாடி இருந்து சோத்தப் புடுங்குறாளே! இவளுக்கு என்னதான் ஆச்சு?"

அக்கா பதிலைத் தேடி எடுத்து வாயைத் திறந்தபோது அம்மா அங்கே இல்லை.

அதற்கடுத்து வந்த ஒரு பிற்பகலில், கூடத்தைப் பெருக்க வந்த அம்மா ஜாடியருகே நின்று, "இன்னா லில்லாஹி" என்றார். சாவுச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்வது அது. சிலந்தி மல்லாந்து கிடந்தது.

வஜ்ஜிரம் ஒட்டிய கையோடு அத்தா வந்தார். குனிந்து பார்த்தார். "ப்ச். போயிடுச்சு. சோறு எறங்காதப்பவே நெனச்சேன்."

இந்த இடத்தில் எங்கள் வீட்டு மரியாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேறு வீடாக இருந்தால் ஜாடியைச் சாக்கடையோரம் கவிழ்த்துவிட்டு மறந்திருப்பார்கள். சிலந்தியும் ஏதாவது ஒரு மூலையில் பிழைத்திருக்கக்கூடும். எங்கள் வீட்டில் சிலந்திக்கு மதிப்பு உண்டு. மதிப்புள்ள உயிர் போனால் அதைத் தாமதமின்றி மண்ணில் சேர்க்க வேண்டும் என்பது நாங்கள் வளர்ந்த முறை.

"செத்தத காக்க வெக்கக் கூடாது. இருட்டறதுக்குள்ள பொதச்சிடுவோம்" என்றார் அத்தா. "ஆசாரி, சின்னதா ஒரு பெட்டி தட்டுங்க."

அவ்வளவு வேலைக்கு நடுவிலும் ஆசாரி மறுக்கவில்லை. படங்களுக்கு வைத்திருந்த தங்க வண்ணம் பூசிய சட்டத்துண்டுகளை எடுத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, தள்ளித் திறக்கும் மூடியோடு ஒரு பெட்டியைச் செய்து முடித்தார். அத்தா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"என்னா ஆசாரி, செத்தது பாம்பா? இவ்ளோ நீட்டா இருக்கு!"

"அளவு பாக்க கிட்ட போவ பயமா இருந்துச்சு பாய்."

அம்மா அதில் பஞ்சு விரித்துப் பன்னீர் தெளித்தார். கொல்லையில் முருங்கை மரத்தடி என்று இடம் முடிவாயிற்று. எந்தத் திசை பார்த்து வைப்பது என்ற பேச்சு வந்தது.

"மலையப் பாத்து வெச்சிடலாம் பாய். அதுக்கு அதான் விசேஷம்" என்றார் ஆசாரி.

அத்தா யோசித்தார். எங்கள் வீதிக்கு மலை மேற்கில். நாங்கள் தொழும் திசையும் மேற்குதான். "சரி. ரெண்டு பேருக்கும் ஒரே பக்கம். தொல்லையே இல்ல" என்று ஜாடியை எடுக்கக் கை நீட்டினார்.

"வேணாம் அத்தா."

அக்கா ஜாடிக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள்.

"சாகல. சட்டை கழட்டுது."

"அடம் புடிக்காதம்மா. வேற ஒண்ணு புடிச்சித் தர்றேன்."

அவள் ஜன்னல் கட்டையிலிருந்து காய்ந்துபோன ஒரு வீட்டுச் சிலந்தியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அதன் கால்கள் மூடிய விரல்கள்போல் உள்ளே சுருண்டிருந்தன. "இது செத்தது. கால் எப்படி மடங்கியிருக்கு பாருங்க. ஜாடியில இருக்கிறது விரிச்சிட்டிருக்கு. நூல் மெத்தை மேலதான் படுத்திருக்கு. அதுவாப் படுத்தது."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

வழக்கமான இடைவெளி வந்தது. அம்மா பன்னீர்க் குப்பியோடு நின்றார். ஆசாரி தொண்டையைச் செருமினார்.

"யாரும் சொல்லல. பாத்தேன்."

அத்தாவின் கை மறுபடியும் ஜாடியை நோக்கி நகர்ந்தது. அக்கா அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள். எங்கள் வீட்டில் நடக்கக்கூடியதென்று நான் எண்ணியே பார்த்திராத காரியம் அது.

"இப்ப அசச்சீங்கன்னா நெஜமாவே செத்துடும் அத்தா. கொஞ்சம் பொறுங்க."

அத்தா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே வெளிச்சத்தைப் பார்த்தார். "மக்ரிப் பாங்கு சொல்ற வரைக்கும் பொறுக்கறேன். அதுக்கப்புறம் நான் சொல்றத கேக்கணும். சரியா?"

"சரி."

மாலைத் தொழுகை அழைப்புக்கு அதிக நேரம் இல்லை. அதற்குள் சிலந்தி அசையாவிட்டால், உயிரோடிருக்கும் ஒன்று மண்ணுக்குள் போகும். அதோடு, அக்கா வாய்விட்டுச் சொன்ன ஒரே சொல்லும் பொய்யாகிவிடும். இனி அந்த வீட்டில் அவளை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. இவ்வளவையும் அன்று நான் எண்ணியிருக்க முடியாது. அக்காவின் விரல்கள் தாவணி முனையைச் சுற்றியும் பிரித்தும் கொண்டிருந்ததை மட்டும் பார்த்தேன்.

அவள் கேட்காமலேயே ஆசாரி சுத்தியலைக் கீழே வைத்தார். கூடத்தில் மழையின் ஓசை மட்டும் எஞ்சியது. சாய்ந்த கண்ணாடிகளில் மலைகள் ஒவ்வொன்றாக இருண்டன. அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அதற்குள் நான் ஒருமுறை தூங்கி, கண்ணாடி மலைகளின் நடுப்பாதையில் நடந்து, திரும்பி வந்ததுபோல் நினைவு.

முதலில் கண்டவர் அம்மா. "என்னங்க... ஓரத்துல பிரியுது."

சிலந்தியின் பக்கவாட்டில் ஒரு வெண்கீற்று ஓடியது. முதுகு மூடி மெல்ல விலகியது. நனைந்த சட்டையின் கைக்குள்ளிருந்து கையை உருவுவதுபோல், எட்டுக் கால்களும் ஒன்றாக, மூச்சு விடும் தாளத்தில், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரத் தொடங்கின. பாங்கு ஒலித்தது. தொழுகைக்குக் கைகால் கழுவி, ஒளு செய்து, தொப்பி அணிந்திருந்த அத்தா வாசல்படியில் நின்றுகொண்டே இருந்தார். பிறகு விரைந்து போய், நான் அறிந்த வேறெந்த நாளையும்விட விரைந்து திரும்பி, குடையைக்கூட மடக்காமல் கேட்டார்:

"இன்னும் இருக்கா?"

இருந்தது. சாம்பல் கலந்த வெண்மையில், ஈரத்தோடு, முன்னிலும் பெரிதாக, தன் பழைய உடம்பின் பக்கத்தில் படுத்திருந்தது. கடிக்கும் பற்கள்கூட வெள்ளை வெளேரென்று இருந்தன.

"இப்பதான் பொறந்த மாதிரி இருக்குது பாய்" என்றார் ஆசாரி. இம்முறை கிட்டப் போய்ப் பார்த்தார்.

"பாவம், எவ்ளோ பசியோ. ஒரு கரப்பான் போடட்டுமா?" என்றார் அம்மா.

"வேணாம்மா. பல்லு கறுக்கணும். அது வரைக்கும் அதால கடிக்க முடியாது."

அம்மா வாதாடவில்லை. "சரி. எப்பன்னு நீயே சொல்லு" என்றார்.

சிலந்தியை அத்தா நெடுநாள் வைத்திருக்கவில்லை. அடுத்த சட்டைக்கு ஜாடி போதாது என்று அக்கா சொன்னாள். தீபக் கூட்டம் கலைந்ததும், மரம் கொண்டுவருகிறவரிடம் ஜாடியை ஒப்படைத்து, எந்தக் காட்டிலிருந்து வந்ததோ அங்கேயே விடச் சொன்னார் அத்தா. கழற்றிப்போட்ட சட்டையை மட்டும் வைத்துக்கொண்டார். அதற்கு ஆழமான ஒரு சட்டம் செய்து, வெல்வெட்டுத் துணிமேல் எட்டுக் கால்களையும் விரித்து, கண்ணாடி போட்டுக் கடையில் சாமிப் படங்களின் நடுவே மாட்டினார். வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

"என்னா பாய், செத்த பூச்சியப் போயி மாட்டி வெச்சிருக்கீங்க?"

அத்தா விளக்கம் சொல்லமாட்டார். உள்பக்கம் திரும்பி அக்காவைக் கூப்பிடுவார். அவள் வந்து நிற்பாள். கேட்டவர் கேள்வியைத் திரும்பச் சொல்வார். இடைவெளி வரும். கேட்டவர் அவசரப்பட்டு வேறு பேச்சுக்குத் தாவினால், அத்தா கையை உயர்த்தி நிறுத்துவார்.

"கொஞ்சம் பொறுங்க. சொல்லுவா."

அவள் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடத் தெளிவாகச் சொன்னாள். அவள் பேசும் வேகம் கூடியதாக எனக்கு நினைவில்லை. எங்கள் வீட்டார் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள். வீதியை அகலப்படுத்தியபோது கடையை இடம் மாற்றினோம். அந்தச் சட்டமும் சிலந்தியின் உறையும் அப்போது எங்கே போயின என்று தெரியவில்லை. தேடியிருந்தாலும் கண்ணாடிக்குள் கொஞ்சம் தூள்தான் கிடைத்திருக்கும்.

அடுத்த ஜூன் மாதம், பள்ளி திறந்த நாள் காலை, அத்தா குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். "வாம்மா, நேரமாச்சு" என்று அக்காவைக் கூப்பிட்டார். அதற்கு முன்னால் அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்பதை நான் அறியேன். ஒன்பதாம் வகுப்புக்கான புதிய பையோடு அக்கா வெளியே வந்தாள். பையின் வாயில் தங்க வண்ணம் பளிச்சிட்டது. அம்மா பஞ்சை எடுத்துவிட்டுத் துடைத்துக் கொடுத்திருந்த அந்தப் பெட்டிக்குள், பேனாவும் இரண்டு பென்சில்களும் அரையடி ஸ்கேலும் இடம் பிசகாமல் படுத்திருந்தன. மூடியைத் தள்ளித் திறந்தபோது லேசாகப் பன்னீர் மணந்தது.

வேலைப்பலகையிலிருந்து எட்டிப் பார்த்த ஆசாரி, அத்தா காதில் விழும்படி சொன்னார்:

"பாத்தீங்களா பாய், நான் அன்னிக்கே அளவாத்தான் செஞ்சிருக்கேன்."